முன்னே நிற்பவனின் முதுகு

இந்திய ராணுவத்தில் பாரா படைக்குப் போகிறவன் தானாக விருப்பம் எழுதிக் கொடுத்துத்தான் போகிறான். காலாட்படை, பீரங்கிப் படை, மருத்துவப் படை, எதிலிருந்து வந்தாலும் விதி ஒன்றுதான். எழுதிக் கொடுத்தவுடன் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். முதலில் ‘ப்ரொபேஷன்’ என்ற சோதனைக் காலம். எங்களைப் போன்ற பாரா யூனிட்களில் அது ஏறத்தாழ ஒரு மாதம். ஸ்பெஷல் ஃபோர்ஸஸ் பட்டாலியன்களில் மூன்று மாதமும் அதற்கு மேலும் நீளும். அந்தக் காலம் முழுக்க வெளியே போகும் கதவு திறந்தே இருக்கும். “என்னால் முடியவில்லை சாப்” என்று சொன்னால் போதும், பழைய யூனிட்டுக்குத் திரும்ப ரயில் வாரண்ட் கையில் வந்துவிடும். ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேலியும் இருக்காது.

ஊருக்கு வரும்போதெல்லாம் இளைஞர்கள் என்னிடம் கேட்பது அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான். எவ்வளவு தூரம் ஓட வேண்டும், எத்தனை கிலோ சுமக்க வேண்டும், எத்தனை தண்டால் எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். அவையெல்லாம் தேவைதான். ஆனால் பாரா யூனிட் புதியவனிடம் தேடுவது வேறொன்று. நாளை இவனோடு ஒரே விமானத்தில் நிற்கப் போகிறவர்கள், என் முதுகை இவன் கையில் ஒப்படைக்கலாமா என்று பார்க்கிறார்கள். ஒட்டிப்போவது, பழகிப்போவது என்று நாம் சொல்வதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் இருக்கிறது. பல வருடம் அந்தப் படையில் மருத்துவ உதவியாளனாக இருந்தும், புதியவர்களைப் பழக்கியும் நான் கற்றது இதுதான்.

நான் வேலூர் மாவட்டத்துக்காரன். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் எங்கள் பக்கம் உண்டு. பள்ளி முடித்த கையோடு நானும் ஆள்சேர்ப்பு முகாமில் போய் நின்றேன். ராணுவ மருத்துவப் படையில் இடம் கிடைத்தது. லக்னோவில் உள்ள ஏ.எம்.சி. சென்டரில் நர்சிங் அசிஸ்டன்ட் பயிற்சி. காயத்துக்குக் கட்டுப் போடுவது, ரத்தப்போக்கை நிறுத்துவது, நரம்பு பிடித்து டிரிப் ஏற்றுவது, உடைந்த தொடைக்குத் தாமஸ் ஸ்பிளின்ட் பூட்டுவது எல்லாம் அங்கே கற்றேன். இந்தியும் அங்கேதான் நாக்கில் ஏறியது. பிறகு ஒரு ராணுவ மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் வேலை. அந்த வார்டில் குதிக்கும்போது காலை முறித்துக்கொண்ட ஒரு பாரா ஜவான் படுத்திருந்தார். டாக்டர் ரவுண்டு வரும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அடுத்த ஜம்புக்கு எப்போது போகலாம் சாப்?” அவரைப் பார்க்க வரும் ஆட்கள் பழம் வாங்கி வந்து வைத்துவிட்டு, கட்டைத் தொட்டுப் பார்த்து, என்னிடம் மருந்தின் பெயர் முதற்கொண்டு விசாரித்துவிட்டுப் போவார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தால் இத்தனை பேருக்கு வலிக்கிறதே என்று எனக்கு வியப்பு. அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் எழுதிக் கொடுத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆக்ரா வந்து சேர்ந்தேன். 50-வது பாரா பிரிகேடின் இருப்பிடம் அது. காலாட்படை மட்டுமே பாராசூட்டில் குதிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரிகேட் என்றால் அதற்குள் பீரங்கிக்காரர், பாலம் கட்டும் பொறியாளர், சிக்னல்காரர், வண்டி பழுது பார்ப்பவர், மருத்துவர் எல்லாரும் இருப்பார்கள். அத்தனை பேரும் குதிப்பார்கள். சமையற்கூடமான லங்கரில் ரொட்டி சுடுபவரும், ஆபீசில் கணக்கு எழுதுபவரும், அறுவை சிகிச்சை செய்யும் கர்னலும் அதே விமானத்தில் ஏறி அதே தரையில் இறங்குவார்கள். அவர்கள் எல்லாருடைய தலையிலும் மெரூன் நிறத் தொப்பி. புதியவன் மட்டும் தன் பழைய பிரிவின் தொப்பியோடு வரிசையில் நிற்பான். காலை ஃபால்-இன்னில் தூரத்திலிருந்து பார்த்தாலே யார் இன்னும் உள்ளே வரவில்லை என்பது தெரிந்துவிடும்.

பொழுது விடியும் முன்பே ஓட்டம் தொடங்கும். முதுகில் ‘பிட்டு’ என்ற சுமைப் பை, அதில் எடை போட்டுச் சரிபார்த்த மணல் மூட்டை, கையில் ரைஃபிள். முதலில் சில கிலோமீட்டர், பிறகு பத்து, இருபது என்று ஏறிக்கொண்டே போகும். ஆக்ராவின் மே மாதம் எப்படியிருக்கும் என்று நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கே சொல்லித்தான் தெரிய வேண்டும். லூ என்ற காற்று வீசும்போது மூச்சு இழுத்தால் தொண்டை காந்தும். ஓடி முடித்து வந்தவுடன் ரகடா: மண்ணில் உருளல், தவளைத் தாவல், கயிறு ஏறுதல், பக்கத்தில் நிற்பவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட்டம். மருத்துவப் படைக்காரனுக்கு அதோடு முடியாது. மாலையில் தொழில் சோதனை. கண்ணைக் கட்டிவிட்டு ஸ்பிளின்ட் பூட்டச் சொல்வார்கள். ஓடி வந்து மூச்சு வாங்கும்போதே, கை நடுங்காமல் நரம்பில் ஊசி ஏற்றச் சொல்வார்கள். இரவில் விளக்கில்லாமல் ஸ்டிரெச்சரை மேட்டிலும் பள்ளத்திலும் தூக்கிப் போகச் சொல்வார்கள்.

முதலில் ஓடி வருகிறவனைப் பயிற்சி கொடுக்கும் உஸ்தாதுகள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை என்பது சில நாளில் எனக்குப் புரிந்தது. அவர்கள் கண் கடைசி வரிசையில் இருந்தது. பின்தங்கியவனுக்காக யார் வேகத்தைக் குறைக்கிறான், அவன் ரைஃபிளைக் கேட்காமலே யார் வாங்கிக்கொள்கிறான், தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு யார் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறான் என்று பார்த்தார்கள். உதவி வாங்கிக்கொள்கிறவனையும் பார்த்தார்கள். வீம்பு பிடித்து யாரையும் கிட்டே சேர்க்காதவன் எவ்வளவு வலுவானவனாக இருந்தாலும், அவன் பெயருக்கு எதிரே ஏதோ எழுதப்படும்.

யூனிட்டில் திருநெல்வேலிக்கார நாயக் அண்ணன் ஒருவர் இருந்தார். மற்றவர்கள் எங்கள் இருவரையுமே ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ராணுவத்தில் தெற்கத்திச் சிப்பாய்க்கு அதுதான் செல்லப்பெயர். எனக்கு அவர் அண்ணன். ஒரே பாஷை என்பதற்காக எந்தச் சலுகையும் காட்டாதவர். ஆனால் முதல் வாரத்திலேயே ஒருநாள் பேரக்கில் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

“எலே, ஓடுறதெல்லாம் அப்புறம். மொதல்ல காலக் கவனி. சாக்ஸ ராத்திரியே தொவச்சுக் காயப் போட்டியாலே?”

“போட்டுட்டேண்ணே.”

“நகத்த நேரா வெட்டு, ஓரத்த வளைச்சு வெட்டாத. கொப்புளம் வந்தா தோல உரிக்காத. சுத்தமான ஊசியால ஓரத்துல குத்தித் தண்ணிய எடுத்துட்டுத் தோல அப்பிடியே வுட்டுக் கட்டு. ஒனக்குத் தெரியும். ஒன் பக்கத்துக் கட்டில்ல இருக்கவனுக்குத் தெரியுமா? நீ நர்சிங்தான? போய்ப் பாரு.”

அந்த ஒரு வாக்கியம் எனக்கு வழி காட்டியது. ப்ரொபேஷனில் இருப்பவன் தன் உடம்பை மட்டும் காப்பாற்றிக்கொள்ளவே போராடுவான். எனக்கோ கையில் ஒரு தொழில் இருந்தது. அன்றிரவு முதல் படுக்கும் முன் பேரக்கில் ஒரு சுற்று வருவேன். டி.எம்.எஸ். பூட்ஸ் கடித்த குதிகால்கள், பிட்டு வார் அறுத்த தோள்கள், உப்புப் பூத்த முதுகுகள். நாலு பேருக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் படுப்பேன். தூக்கம் குறைந்தது. ஆனால் மனிதர்களின் உடம்பு எனக்குப் பழகியது. யார் எந்தக் காலை அழுத்தி வைக்கிறான், யார் வலியை முகத்தில் காட்டாமல் மறைக்கிறான் என்பது நடையிலேயே தெரிய ஆரம்பித்தது.

மறைப்பதுதான் பாரா யூனிட் புதியவர்களின் பெரிய நோய். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் காயத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எனக்கு ஜோடியாகப் போடப்பட்டவன் ஒரு கடுவால்காரன். மலையில் பிறந்தவன், சுமையோடு ஏறுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. இரண்டாவது வாரத்தில் ஓட்டம் முடிந்தபின் அவன் ஒரு காலைத் தரையில் பட்டும் படாமலும் வைப்பதைப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பின் மீது விரலை ஓட்டினேன். ஓரிடத்தில் மட்டும் துள்ளினான். தசை வலி என்றால் பரவலாக வலிக்கும். விரல் நுனி அளவில் ஓரிடத்தில் மட்டும் எலும்பு வலித்தால் அது தொடர் ஓட்டத்தால் எலும்பில் விழுந்த மயிரிழைக் கீறலாக இருக்கலாம். அதோடு ஓடினால் முழுதாக முறியும்.

“யாரிடமும் சொல்லாதே” என்றான்.

அண்ணனிடம் கேட்டேன். அவர் நீளமாகப் பேசவில்லை. “மறைச்சுக்கிட்டு ஏரோப்ளேன்ல ஏறுனா, எறங்கும்போது அவன் கால் மட்டுமா போவும்? அவன் சொமக்குற சாமானும் சேர்ந்து போவும், அவனத் தூக்க நாலு பேரு போவும். நீயே அவனக் கூட்டிட்டுப் போ.”

மறுநாள் காலை இருவருமாக மெடிக்கல் ஆபீசர் முன் போய் நின்றோம். எக்ஸ்ரே, ஓய்வு, கட்டளைப்படி ஓட்டத்திலிருந்து விலக்கு. அவன் சில நாள் என்னோடு பேசவில்லை. எலும்பு கூடியதும் அடுத்த குழுவோடு மறுபடி ப்ரொபேஷன் செய்து, தேறி, என் யூனிட்டுக்கே வந்து சேர்ந்தான். அதன்பின் அவன் குதித்த ஒவ்வொரு முறையும், நான் அங்கே இருந்தால் தன் பாராசூட் வார்களை நான்தான் சரிபார்க்க வேண்டும் என்று வந்து நிற்பான். அவனைக் காட்டிக் கொடுத்ததாக அன்று எனக்கிருந்த உறுத்தலுக்கு அதைவிட நல்ல பதில் கிடைத்திருக்க முடியாது.

புதியவனுக்கு யூனிட்டின் கதையைச் சொல்வதும் பழக்கத்தின் ஒரு பகுதி. யாரும் வகுப்பு எடுப்பதில்லை. லங்கரில் டீ குடிக்கும்போதும் ஸ்டோரில் சாமான் அடுக்கும்போதும் துண்டு துண்டாக வரும். நான் சேர்ந்தது 60 பாரா ஃபீல்ட் ஆம்புலன்ஸ். அதன் வரலாற்றில் முதலில் வரும் பெயர் ஏ.ஜி. ரங்கராஜ். ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். எங்கள் வட்டாரத்து ஊரைப் பெயரில் சுமந்த மருத்துவர். 1941-ல் இந்தியாவில் முதல் பாராசூட் பிரிகேட் உருவானபோது, இந்தியர்களில் முதலில் குதித்தவர்கள் லெஃப்டினன்ட் ரங்கராஜும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும். முதல் இந்தியப் பாராசூட் வீரர் ஒரு டாக்டர் என்று கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். துப்பாக்கிக்காரர்களுக்கு நடுவே மருந்துப் பையோடு நிற்கிறோமே என்று உள்ளூர இருந்த கூச்சம் அன்றோடு போனது.

1950-ல் கொரியப் போருக்கு இந்தியா அனுப்பியது இந்த மருத்துவப் பிரிவைத்தான். அப்போது லெஃப்டினன்ட் கர்னலாக இருந்த ரங்கராஜ் தலைமையில் போனார்கள். அந்த டிசம்பரில் சீனப் படை முன்னேறி வர, பியோங்யாங்கிலிருந்து எல்லாரும் பின்வாங்க வேண்டியிருந்தது. வண்டிகள் இல்லை. சாமான்களை அழித்துவிட்டு வரலாம் என்ற நிலை. இவர்கள் அதற்கு மனம் ஒப்பவில்லை. கைவிடப்பட்ட ஒரு ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கொதிகலனை நிரப்பி, விறகு போட்டு, அறுவை சிகிச்சைக் கருவிகள் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 23-ம் தேதி முன்சான்-னியில் அமெரிக்காவின் 187-வது வான்குதிப்புப் படையோடு ரங்கராஜும் அவருடைய சிறு அறுவை சிகிச்சைக் குழுவும் பாராசூட்டில் குதித்து, இறங்கிய இடத்திலேயே காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை தொடங்கினார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரம் கிடைத்தது.

இந்தக் கதையை எனக்குச் சொன்ன ஹவில்தார் அதை வீரக் கதையாகச் சொல்லவில்லை. ஸ்டோரில் என் கையில் ஒரு மருந்துப் பையைக் கொடுத்துவிட்டு, “அவர்கள் ஏன் சாமானை விடவில்லை தெரியுமா? கருவி இல்லாத டாக்டர் போர்க்களத்தில் இன்னொரு வாய். அவ்வளவுதான். இப்போது இந்தப் பையை அடுக்கு” என்றார்.

அடுக்குவது தனி வித்தை. சாமான் பெட்டி ரிசர்வ் பாராசூட்டுக்குக் கீழே, காலோடு சேர்த்துக் கட்டப்படும். பாராசூட் விரிந்தபின் அதைக் கயிற்றில் கீழே இறக்கிவிடுவோம். நமக்கு முன்னால் அது தரையில் மோதும். அந்த மோதலில் கண்ணாடி ஆம்ப்யூல்கள் உடையக் கூடாது. கட்டுத்துணிகளுக்கு நடுவே, பஞ்சு சுற்றி, பையின் நட்ட நடுவில் அவை போகும். கூர்மையான கருவிகள் தோல் உறைக்குள். இறங்கியவுடன் முதலில் கை தேடுவது ரத்தத்தை நிறுத்தும் கட்டு, அதனால் அது எல்லாவற்றுக்கும் மேலே. அடுத்து காற்றுக்குழாய், அடுத்து டிரிப். இருட்டில் விளக்கில்லாமல் எந்த அறையில் எது இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். யூனிட்டில் இருக்கும் எல்லா மருத்துவ உதவியாளர்களும் ஒரே மாதிரி அடுக்குவார்கள், ஏனென்றால் நான் விழுந்துவிட்டால் என் பையை இன்னொருவன் திறப்பான். என் விருப்பப்படி அழகாக அடுக்கிய பை அவனுக்குப் பயன்படாது. புதியவன் தன் தனித்திறமையைக் காட்டக் கூடாத இடம் எது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பைதான்.

எப்போதும் தயாராக இருப்பதன் பொருளையும் பழையவர்கள் சொன்னார்கள். 1988 நவம்பர் 3-ம் தேதி காலையில் மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி என்று செய்தி வந்தது. அன்று இரவே ஆக்ராவிலிருந்து கிளம்பிய இல்யூஷின்-76 விமானங்கள் பாரா பிரிகேட் வீரர்களோடு ஹுல்ஹுலே ஓடுபாதையில் இறங்கிவிட்டன. காலைக்கும் இரவுக்கும் நடுவில் பை அடுக்க நேரம் ஏது? முந்தின நாளே அடுக்கியிருந்தால்தான் உண்டு.

சோதனைக் காலம் முடிந்து, தேறியவர்களை ஆக்ரா விமானப்படை நிலையத்திலுள்ள பாராட்ரூப்பர்ஸ் டிரெய்னிங் ஸ்கூலுக்கு அனுப்பினார்கள். சொல்லிக் கொடுப்பவர்கள் விமானப்படையின் குதிப்புப் பயிற்சியாளர்கள். தரைப்பயிற்சியே இரண்டு வாரம்போல. 2015 ஆகஸ்டில் கிரிக்கெட் வீரர் தோனி ஐந்து முறை குதித்து ‘விங்ஸ்’ என்ற பாராசூட் வீரர் சின்னம் வாங்கியதும் இந்தப் பள்ளியில்தான். அங்கே பதவி எல்லாம் வாசலோடு சரி. மேஜரும் சிப்பாயும் ஒரே மணல் குழியில் உருளுவார்கள். பாதங்களும் முழங்கால்களும் ஒட்டியிருக்க வேண்டும், முழங்கால் சற்று மடங்க வேண்டும், தாடை மார்பில் படிய வேண்டும். தரை தொட்டவுடன் பாதம், கெண்டைச் சதை, தொடை, இடுப்பு, முதுகு என்று வரிசையாக அதிர்ச்சியைப் பகிர்ந்து கொடுத்து உருள வேண்டும். வலப்பக்கம், இடப்பக்கம், முன்புறம், பின்புறம் என்று கனவிலும் உருளும் வரை விடமாட்டார்கள். எலும்பு முறிவு வார்டில் வேலை பார்த்தவனுக்கு அதன் காரணம் நன்றாகத் தெரியும். கால்களை அகட்டி இறங்குகிறவனுக்கு ஒற்றைக் கால் முழு எடையையும் வாங்கும். எட்டி உதைத்து இறங்குகிறவனுக்குக் குதிகால் வழியே அடி முதுகெலும்பு வரை ஏறும்.

குதிக்கும் நாளில் பாராசூட்டை வாங்கும்போது அதை மடித்தவரின் கையெழுத்து பதிவு அட்டையில் இருக்கும். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. முகம் பார்த்ததில்லை. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் முதுகில் ஏற்றுகிறோம். பிறகு வரிசையில் நின்று ஒருவரை ஒருவர் சரிபார்ப்பு. முன்னே நிற்பவனின் முதுகில் இருக்கும் கட்டுகள், குடையை இழுத்து விரிக்க விமானத்தோடு கோக்கும் ஸ்டாட்டிக் லைன் போகும் வழி, தொடை வார், கொக்கி. தன் முதுகைத் தானே பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது. ஜெனரல் ஆனாலும் பின்னால் நிற்பவன் கண்தான் அவருக்குக் கண். விமானத்துக்குள் மறுபடியும் சரிபார்த்து, கடைசி ஆளிலிருந்து ‘ஓகே’ என்று தோளில் ஒரு தட்டு முன்னோக்கி வந்துகொண்டே இருக்கும். என் தோளில் விழுந்த தட்டை நான் முன்னால் கடத்த வேண்டும். பார்க்காமல் தட்டினால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் பார்க்காமல் தட்டுகிறவனுக்கு அந்தப் படையில் இடமில்லை.

ஏ.என்.-32 விமானத்துக்குள் இரைச்சல் காதை அடைக்கும். சூடு, எரிபொருள் வாசனை, பின்கதவு திறந்தவுடன் சுழன்று உள்ளே வரும் காற்று. கீழே மல்புரா இறங்குதளம். சுமார் 1,250 அடி உயரம். சிவப்பு விளக்கு, பிறகு பச்சை, ‘கோ’. வெளியே விழுந்தவுடன் ‘ஒன் தௌசண்ட், டூ தௌசண்ட், த்ரீ தௌசண்ட், ஃபோர் தௌசண்ட், செக்’ என்று எண்ண வேண்டும். செக் சொல்லும் நேரத்தில் தலைக்கு மேல் குடை விரிந்திருந்தது. இரைச்சல் முழுதும் அறுந்து ஒரே அமைதி. தரைக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரம்தான். பக்கத்தில் யார் வருகிறார்கள், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்து, சாமான் பெட்டி உண்டென்றால் இறக்கிவிட்டு, கால் சேர்ப்பதற்குள் நிலம் வந்துவிடும். மொத்தம் ஐந்து குதிப்புகள், அதில் ஒன்று இரவில். இரவில் நிலம் கண்ணுக்குத் தெரியாது. உடம்பு தானாக உருள வேண்டும். மணல் குழியில் ஏன் அத்தனை முறை உருட்டினார்கள் என்பது அந்த இருட்டில் எலும்புக்கே விளங்கும்.

எங்களோடு பயிற்சி எடுத்த ஒருவர் கதவுவரை வந்து நின்றுவிட்டார். ஓட்டத்தில் எங்களில் முதல் ஆள். அவரை யாரும் தள்ளவில்லை. ஓரமாக உட்காரவைத்து, விமானத்தோடு திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவர் பழைய யூனிட்டுக்குப் போகும் முன், உஸ்தாத் எங்களைக் கூப்பிட்டு, கைகொடுத்து வழியனுப்பச் சொன்னார். முடியாது என்பதைக் கதவிலேயே சொன்னவன், குதித்தபின் கை விட்டுவிடுகிறவனைவிட மேல் என்றார். பயத்தைப் பற்றி அந்தப் படை சொல்லிக் கொடுத்த பாடம் அது. பயம் எல்லாருக்கும் உண்டு, அதை மற்றவரிடமிருந்து ஒளிப்பதில்தான் ஆபத்து.

ஐந்தாவது குதிப்புக்குப் பின் மார்பில் விங்ஸ் குத்தினார்கள். மெரூன் தொப்பி தலைக்கு வந்தது. பலர் இந்த விங்ஸைப் பலிதான் சின்னத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது ஸ்பெஷல் ஃபோர்ஸஸ்காரர்களுக்கு மட்டும் உரியது, எங்களுடையதல்ல. தொப்பி வந்ததும் எல்லாம் கைகூடிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் யூனிட் அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பழையவர்கள் மரியாதையாகப் பேசினார்கள், வேலை கொடுத்தார்கள், ஆனால் கால் சுளுக்கினால் என்னைத் தாண்டி அண்ணனிடம் போனார்கள்.

இறங்குதளத்தில் மருத்துவ வேலை பெரும்பாலும் காத்திருப்புதான். ஆம்புலன்சை நிழலில் நிறுத்தி, ஸ்டிரெச்சரை விரித்து வைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காற்று கூடினால் ஜம்பை ரத்து செய்துவிடுவார்கள். குடைகள் இறங்க ஆரம்பித்தவுடன் நான் எண்ணத் தொடங்குவேன். விழுந்தவன் எழுகிறானா, குடையை மடக்குகிறானா என்று ஒவ்வொருவராகப் பார்ப்பேன். எழாதவனை நோக்கி ஓடுவேன். ஓடியவுடன் தூக்கிவிடக் கூடாது. முதலில் கழுத்தையும் முதுகையும் அசையாமல் பிடித்து, விரல்களை அசைக்கச் சொல்லி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகுதான் பலகை.

அப்படி ஒரு கோடையில் யூனிட்டிலேயே மூத்தவர்களில் ஒருவர், என்னோடு அதிகம் பேசாத ஒரு ஹவில்தார், குதித்து எழுந்து, குடையை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் நடந்து வந்தார். பூட்ஸைக் கழற்றினார். கணுக்கால் வீங்கிக் கிடந்தது. “தம்பி, பார். முறிவா, சுளுக்கா? நீ சொல்வதைத்தான் மெடிக்கல் ஆபீசரிடம் சொல்லப் போகிறேன்” என்றார். எலும்பு முனைகளை அழுத்திப் பார்த்தேன், நாலடி நடக்கச் சொன்னேன். முறிவாகத் தெரியவில்லை, ஆனாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றேன். தலையாட்டிவிட்டு ஆம்புலன்சில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஹவில்தார் அவரிடம் போகவில்லை. அண்ணனும் கிட்டே வரவில்லை. நான் அந்த யூனிட்டுக்குள் வந்துவிட்டேன் என்று உறுதியாகத் தெரிந்த நாள் அது. தன் வலியை மறைக்கக் காரணம் உள்ள ஒருவர் அதை என் கையில் கொடுத்தார். மருத்துவ உதவியாளனுக்கு அதைவிடப் பெரிய பதக்கம் கிடையாது.

பின்னாளில் நானும் ஹவில்தாராகி, ப்ரொபேஷனுக்கு வருபவர்களைப் பழக்கினேன். கோடையில் வெயில் தாக்கின் அறிகுறிகளைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். சிலருக்கு வியர்வை நின்று தோல் காய்ந்து போவது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வருவது, நடை தள்ளாடுவது. அப்படிப்பட்டவனை நிழலுக்கு இழுத்து, உடைகளைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் விசிறிக்கொண்டே போக வேண்டும். இதை மருத்துவப் படைக்காரனுக்கு மட்டும் சொல்லவில்லை, எல்லாருக்கும் சொன்னேன். வெயில் தாக்கியவனுக்குத் தன் நிலை கெடுவது தெரியாது. பக்கத்தில் ஓடுகிறவனுக்குத்தான் முதலில் தெரியும்.

2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது, இப்போது 60 பாரா ஃபீல்ட் ஹாஸ்பிடல் என்ற பெயரில் இருக்கும் எங்கள் பிரிவு இஸ்கெண்டெருனில் போய் மருத்துவமனை அமைத்தது. ஓய்வு பெற்று ஊரில் இருந்த நான் தொலைக்காட்சியில் அந்த மெரூன் தொப்பிகளைப் பார்த்தேன். கூடாரத்துக்குள் பெட்டிகள் அடுக்கியிருந்த விதத்தைத்தான் என் கண் தேடியது. உலகின் எந்த மூலையிலும், யார் திறந்தாலும், கைக்கு வேண்டியது கைக்கு வர வேண்டும் என்று கற்றுக்கொடுத்த அடுக்கு அது.

இந்தப் படைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஓடிப் பழகுங்கள், சுமந்து பழகுங்கள், இந்தி பேசிப் பழகுங்கள். அவற்றோடு, சொன்ன வேலையை இன்னொருவர் வந்து சரிபார்க்கத் தேவையில்லாத அளவுக்குச் செய்து பழகுங்கள். பிறகு, அப்படிச் செய்த வேலையையும் இன்னொருவர் சரிபார்க்க வந்தால் முகம் சுளிக்காமல் முதுகைத் திருப்பிக் காட்டப் பழகுங்கள். முதலாவதைச் செய்ய வலுவும் கவனமும் போதும். இரண்டாவதற்கு மனம் வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்தவனை அந்தப் படை ஒருபோதும் புதியவனாக வைத்திருக்காது.